உங்கள் வாசிப்புக்கு ஏற்ற டிரம் குச்சியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: நெல்லைப் பகுதி வாசிப்பாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பகுதியில் டிரம் செட் வாசிக்கும் ஒருவர், செவ்வாய்க்கிழமை இரவு அம்மன் கோயில் கொடை விழாவில் மெல்லிசைக் கச்சேரியிலும், வெள்ளிக்கிழமை மாலை திருமண வரவேற்பில் மின்னணுத் தாளக் கருவியான ஆக்டோபேடிலும், ஞாயிற்றுக்கிழமை காலை ஆலயத்தில் பாடகர் குழுவோடும் வாசிக்க நேர்வது இயல்பானது. இந்த மூன்று இடங்களுக்கும் ஒரே ஜோடிக் குச்சியை எடுத்துச் செல்பவர்களே மிகுதி. அந்த ஜோடியும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த, 5ஏ என்ற நடுத்தர அளவுக் குச்சியாகவோ, யூடியூபில் பார்த்த கலைஞர் ஒருவரின் கையெழுத்துப் பொறித்த மாடலாகவோ இருக்கும். குச்சியை முதலில் முடிவு செய்ய வேண்டியது வாசிக்கும் இடம், அடுத்து வாசிப்பவரின் கை. அளவு, மரம், முனை ஆகியவை எல்லாம் அவற்றுக்குப் பின்னரே வருகின்றன. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

முதல் படி: வாசிக்கும் இடத்தை அறிதல்

குச்சி வாங்குவதற்கு முன், நீங்கள் அடிக்கடி வாசிக்கும் இடத்தில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். 1826ஆம் ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பட்டு, ஊசிக் கோபுரம் என்று ஊரார் அழைக்கும் பாளையங்கோட்டை தூய திரித்துவப் பேராலயத்தைப் போல உயர்ந்த கூரையும் தடித்த சுவர்களும் கொண்ட பழைய ஆலயங்களில் அந்தக் கைதட்டல் உடனே அடங்குவதில்லை. சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பி, அடுத்து எழும் ஒலியோடு கலக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் கனமான குச்சியால், பலத்த ஒலிக்கு அடிக்கும் உலோகத் தட்டான கிராஷ் சிம்பலை அடித்தால், சபையார் அடுத்த வரியைப் பாடத் தொடங்கிய பின்னும் சிம்பலின் இரைச்சல் நீங்காமல் பாட்டின் சொற்களை மூடிவிடும். இங்கே 7ஏ என்ற மெல்லிய அளவில், சிறிய மர முனை கொண்ட மேப்பிள் மரக் குச்சி போதுமானது. மெதுவான ஆராதனைப் பாடல்களுக்கு, மெல்லிய மரக் கம்பிகளைக் கட்டாகச் சேர்த்துச் செய்யப்படும் ராடு இன்னும் பொருத்தமாக இருக்கும்.

கிராமங்களில் பின்னாளில் எழுந்த தகரக் கூரை ஜெபக்கூடங்களின் சிக்கல் வேறு வகையானது. கூரை தாழ்வாக இருப்பதால் ஒலி நீண்டு நிற்பதில்லை, ஆனால் கூர்மையாகத் திரும்பி அடிக்கிறது. முதல் வரிசையில் பாயில் அமர்ந்திருப்பவருக்கும், செட்டின் நடுவில் கூர்மையாக ஒலிக்கும் ஸ்நேர் டிரம்முக்கும் இடையே சில அடி தூரமே இருக்கும். டிரம் செட்டைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைக்கச் சபை யோசிக்கத் தொடங்குமுன், வாசிப்பவர் ஒரு ஜோடி ராடு வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ராடில் ஸ்நேர் நன்றாக ஒலித்தாலும் தொடர்ந்து தாளம் தட்டும் ரைடு சிம்பலில் தனித்தனி அடிகள் தெளிவாகக் கேட்பதில்லை; ஆகையால் ரைடை நம்பி வாசிக்கும் பாடல்களுக்கு 7ஏ குச்சியைப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

கொடை மேடையில் நிலைமை முற்றிலும் மாறுகிறது. திறந்தவெளியில் ஒலி திரும்பி வராததால், வாசிப்பவருக்குத் தன் அடியே மெலிந்து கேட்கிறது. சற்று முன்னர்தான் நையாண்டி மேளம் முழங்கி ஓய்ந்திருந்தால் அந்த மெலிவு இன்னும் அதிகமாகத் தோன்றும். உடனே 2பி போன்ற தடித்த குச்சியை எடுத்து ஓங்கி அடிக்கத் தோன்றுவது இயற்கைதான். ஆனால் ஒவ்வொரு டிரம்முக்கும் மைக் வைத்திருக்கும்போது, கூட்டத்தைச் சென்றடையும் ஒலியின் அளவை முடிவு செய்வது ஒலிகளைக் கலந்து அளவைக் கட்டுப்படுத்தும் மிக்சரே தவிர, குச்சியின் கனம் அன்று. வாசிப்பவருக்கே ஒலியைக் கேட்கவைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் இல்லாத குறையைக் குச்சியால் ஈடுகட்ட முயல்பவருக்கு டிரம் தோலும் மணிக்கட்டும்தான் வீணாகும். மைக்செட்காரரிடம் பேசி மேடையில் ஒரு மானிட்டரை வைக்கச் சொல்லிவிட்டு, 5ஏ அல்லது அதைவிடச் சற்றுத் தடித்த 5பி அளவில் ஹிக்கரி மரக் குச்சியோடு அமர்வதே முறையானது. மைக் ஸ்நேருக்கும் பாஸ் டிரம்முக்கும் மட்டுமே இருக்கும் சிறிய மேடைகளில் 5பி கைகொடுக்கும்.

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடம் கட்டிச் செல்லும் குழுக்களோடு ஊர் ஊராகச் சென்று வாசிப்பவர்கள், மணிக்கணக்கில் வாசிக்க வேண்டியிருப்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். தோளில் மாட்டும் டிரம்மை நடந்துகொண்டே வாசிப்பவருக்குத் தடித்த குச்சி தேவைப்படலாம். வண்டியில் அமர்ந்து முழு செட்டையும் வாசிப்பவருக்கு அந்தக் கனம் நள்ளிரவுக்குப் பின் சுமையாகிவிடும்.

ஆக்டோபேடின் ரப்பர்ப் பரப்பில் குச்சி தானாகவே நன்கு எகிறுவதாலும், ஒலியின் அளவைக் கருவியிலேயே திருத்திக்கொள்ள முடிவதாலும், 7ஏ அல்லது மெல்லிய 5ஏ போதும். ஆலயத்தில் பயன்படுத்திய அதே 7ஏ ஜோடி இங்கும் உதவும். முனையில் சிம்பு எழுந்த குச்சியை மட்டும் மின்னணு டிரம்மின் வலைத்தோலில் பயன்படுத்தக் கூடாது, அது வலையைக் கிழித்துவிடும்.

இரண்டாம் படி: கையை அறிதல்

குச்சியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே, அடிமுனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பிடித்து, மற்ற விரல்களைத் தளர்த்தி, ஸ்நேரின் நடுவில் ஒரே ஒருமுறை விழ விடுங்கள். குச்சி எத்தனை முறை எகிறி எகிறி விழுகிறது என்று கவனித்துக்கொண்டே, பிடியைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். ஓர் இடத்தில் துள்ளல் மிக நீண்டு நிற்கும்; அதுவே அந்தக் குச்சிக்கு உரிய பிடிமானம். அந்த இடத்தில் உங்கள் கை இயல்பாக அமர்கிறதா, இல்லை வலிந்து கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கிறதா என்பதில்தான் குச்சியின் பொருத்தம் தெரியும். பெரிய உள்ளங்கையும் நீண்ட விரல்களும் உடையவர் மெல்லிய 7ஏவை இறுக்கிப் பிடித்தால்தான் அது நழுவாமல் இருக்கும். அந்த இறுக்கம் முன்கைக்கு ஏறி வலியாகிறது. சிறிய கையுள்ள பள்ளி மாணவருக்கு 5பியைக் கொடுத்தாலும் அவரும் இறுக்கத்தான் செய்வார். இரண்டு தவறுகளும் ஒரே வலியில் முடிவதால், வலி வந்தவுடன் மெல்லிய குச்சிக்கு மாறுவது எல்லா நேரமும் சரியான தீர்வாகாது.

நம் பகுதியில் டிரம் செட்டுக்கு வருபவர்களில் பலர் வேறு தோற்கருவியிலிருந்து வருகிறார்கள், ஆகவே அந்தப் பழக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பறையில் குட்டையான அடிகுச்சியும் நீண்டு மெலிந்த சுண்டுகுச்சியும் வெவ்வேறு வேலை செய்கின்றன. தவிலில் ஒரு கை கழியாலும் மறு கை கூடு மாட்டிய விரல்களாலும் வாசிக்கிறது. உறுமியில் ஒரு குச்சி தோலை உரசுகிறது, மற்றது அடிக்கிறது. இந்தக் கருவிகளில் தேர்ந்த கைகளுக்கு, இரு புறமும் ஒரே எடை, ஒரே நீளம் என்ற டிரம் செட்டின் ஏற்பாடு தொடக்கத்தில் அந்நியமாக இருக்கும். வலிமையான கைக்குத் தடித்த குச்சி வேண்டும் என்றும் தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காமல், சில வாரங்கள் சமமான 5ஏ ஜோடியிலேயே நிலைப்பது நல்லது. வில்லுப்பாட்டில் வீசுகோல் பிடித்துப் பழகியவர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. கோலைத் தளர்வாகப் பிடித்து மணிக்கட்டால் வீசும் பழக்கம் அப்படியே இங்கும் உதவுகிறது.

மூன்றாம் படி: எண்ணும் எழுத்தும்

குச்சியின் மேல் அச்சிட்டிருக்கும் 5ஏ, 7ஏ, 2பி போன்ற குறியீடுகள், அமெரிக்க டிரம் தயாரிப்பாளரான வில்லியம் எஃப். லுட்விக்கின் காலத்திலிருந்து வழங்கி வருபவை. ஏ என்பது அரங்க இசைக்குழுக்களுக்கும், பி என்பது பேண்டு வாத்தியக் குழுக்களுக்கும், எஸ் என்பது தெரு அணிவகுப்புகளுக்கும் உரிய குச்சிகளைக் குறித்தது. எண் பெரிதாக ஆகக் குச்சி பொதுவாக மெலிகிறது. இன்றைக்கும் ஏ வகை மெலிந்தும் பி வகை தடித்தும் வருவதால் அந்தப் பழைய பிரிவு முற்றிலும் பொருளிழந்துவிடவில்லை. ஆனால் இரு நிறுவனங்களின் 5ஏ குச்சிகள் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், விக் ஃபர்த் நிறுவனத்தின் அமெரிக்கன் கிளாசிக் வரிசையை எடுத்துக்கொள்ளலாம். அதில் 7ஏ ஏறத்தாழ 39.4 செ.மீ. நீளமும் 13.7 மி.மீ. விட்டமும் கொண்டது, 5ஏ 40.6 செ.மீ. நீளமும் 14.4 மி.மீ. விட்டமும் கொண்டது, 5பி அதே நீளத்தில் 15.1 மி.மீ. விட்டத்துக்குத் தடிக்கிறது, 2பி 41.3 செ.மீ. நீளமும் 16 மி.மீ. விட்டமும் உடையது. 5ஏவுக்கும் 5பிக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட வேறுபாடு இல்லை என்றாலும், குறுக்குவெட்டுப் பரப்பில் அது ஏறத்தாழ பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுவதால் கையில் தெளிவாகத் தெரிகிறது. வேறு நிறுவனத்தின் குச்சியை வாங்கும்போது பெயரை விட்டுவிட்டு, உறையிலோ இணையப் பக்கத்திலோ தந்திருக்கும் நீளத்தையும் விட்டத்தையும் இவற்றோடு ஒப்பிடுங்கள்.

நான்காம் படி: மரம்

வட அமெரிக்காவில் வளரும் ஹிக்கரி, அடியின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வதாலும் நன்கு வளைந்து மீள்வதாலும் பெரும்பாலான குச்சிகளுக்குப் பயன்படுகிறது. அடிக்க அடிக்க அது சிம்பு சிம்பாக உரிந்து தேய்வதால், ஒடியப் போவதை முன்கூட்டியே அறியலாம். கொடை மேடைக்கு வேறு மரத்தை யோசிக்க வேண்டியதில்லை. மேப்பிள் எடை குறைந்தது, மென்மையானது, விரைவில் தேய்வது. ஆனால் ஒரு வசதி உண்டு. 5பி அளவிலான மேப்பிள் குச்சியின் எடை 5ஏ ஹிக்கரியின் எடைக்கு நெருங்கி வருவதால், பெரிய கையுள்ளவர் ஆலயத்தில் மெதுவாக வாசிக்க வேண்டியிருக்கும்போது, தடிமன் குறையாமலே எடையைக் குறைத்துக்கொள்ளலாம். ஜப்பானிய ஓக் கனமும் உறுதியும் மிக்கது, நீண்ட நாள் உழைப்பது. ஆனால் எச்சரிக்கை தராமல் சட்டென ஒடியக்கூடியது, அதிர்ச்சியை ஹிக்கரி அளவுக்கு உள்வாங்காது.

அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான்களைக் கடைந்து தரும் கைவினைஞர்களின் திறமையை அறிந்தவர்கள், உள்ளூரிலேயே குச்சியைக் கடைந்து வாங்கினால் என்ன என்று கேட்பதுண்டு. குச்சியின் வடிவத்தைக் கடைவதில் ஒரு சிரமமும் இல்லை. மரத்தைச் சீராக உலர்த்துவதும், மரத்தின் கோடுகளான நரம்பு முழு நீளத்துக்கும் நேராக ஓடும் துண்டைத் தேர்வதும், எடையில் ஒத்த இரண்டைச் சேர்ப்பதும்தான் கடினமான பகுதிகள். வீட்டில் ரப்பர்ப் பலகையில் பயிற்சி செய்ய அப்படிக் கடைந்த குச்சி போதும். சிம்பலுக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம்.

ஐந்தாம் படி: முனையும் கழுத்தும்

முனையின் வடிவம் சிம்பலில்தான் மிகத் தெளிவாகக் கேட்கிறது. உருண்டை முனை, எந்தக் கோணத்தில் பட்டாலும் சிறிய பரப்பையே தொடுவதால் ரைடில் கூர்மையான, தெளிவான ஒலியைத் தருகிறது. நீர்த்துளி வடிவ முனை, கோணம் மாற மாற ஒலியையும் மாற்றுகிறது. கையில் கட்டுப்பாடு உள்ளவருக்கு அது வரம், தொடக்க நிலையினருக்கு ஒழுங்கின்மை. பீப்பாய் வடிவ முனை பெரிய பரப்பைத் தொட்டு, ஸ்நேரிலும் டாம் டிரம்மிலும் கனத்த ஒலியை எழுப்புகிறது. அமெரிக்க டிரம் கலைஞர் ஜோ கலாட்டோ 1958ஆம் ஆண்டில் கொண்டுவந்த நைலான் முனை, மர முனையைப் போல உதிராமல் நெடுநாள் நிற்கிறது, சிம்பலில் ஒலியைப் பளிச்சென்று ஆக்குகிறது. ஏற்கெனவே பளிச்சென்று ஒலிக்கும் மலிவு விலைச் சிம்பல்களில் நைலான் முனையால் வாசித்தால் காது கூசும். பெரும்பாலான ஆலயங்களிலும் வாடகை செட்டுகளிலும் அப்படிப்பட்ட சிம்பல்களே இருப்பதால், மர முனையையே பரிந்துரைப்பேன்.

மெலியத் தொடங்கும் இடமான தோளிலிருந்து முனை வரை குச்சி எவ்வளவு தூரத்தில் மெலிகிறது என்பது ரீபவுண்டை, அதாவது குச்சி எகிறும் விதத்தை, முடிவு செய்கிறது. நெடுந்தூரம் மெலிந்து செல்லும் குச்சி முன்புறம் இலேசாகி விரைவாக எகிறும். குறுகிய தூரத்தில் மெலியும் குச்சி முன்புறம் கனத்து, அடிக்குப் பலம் சேர்க்கும். கொடைப் பாட்டுகளில் வரும் விரைவான ஆறெட்டு நடையில், பலத்த அடிகளுக்கு நடுவே ஸ்நேரில் மெல்லிய அடிகளை நிரப்பிக்கொண்டே போக வேண்டியிருப்பதால், நடுத்தர மெலிவே சரியாக வரும். மெல்லிய அடிகளைக் குச்சியே எகிறிச் செய்துகொள்ளும், பலத்த அடிக்கும் குறை வராது. காலால் இயக்கும் ஜோடிச் சிம்பலான ஹை-ஹேட்டின் விளிம்பைத் தோளால் அடிப்பவர்களும், டிரம்மின் விளிம்பையும் தோலையும் ஒருசேர அடிக்கும் ரிம் ஷாட்டை மிகுதியாக வாசிப்பவர்களும், முனைக்குச் சற்றுக் கீழுள்ள கழுத்து மெலிந்த குச்சியை வாங்கினால் அது விரைவில் ஒடியும்.

ஆறாம் படி: கடையில் சோதித்தல்

இங்குள்ள கடைகளில் பல வேளைகளில் 5ஏவும் 7ஏவும் மட்டுமே இருக்கும். மற்றவற்றை மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ வாங்க வேண்டும், அல்லது இணையத்தில் வரவழைக்க வேண்டும். எங்கே வாங்கினாலும் பின்வரும் சோதனைகளைத் தவிர்க்கக் கூடாது.

முதலில் குச்சியைக் கடையின் கண்ணாடிப் பெட்டி மேல் கிடத்தி, உள்ளங்கையால் மெதுவாக உருட்டுங்கள். நேரான குச்சி ஓசையின்றி ஓடும்; வளைந்த குச்சி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை தத்தி, டக் டக்கென்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டே போகும். உருளும்போது கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால், குச்சிக்கும் கண்ணாடிக்கும் இடையிலான வெளிச்சக் கீற்று விரிந்து சுருங்குவது தெரியும். கீற்று ஒரே அளவில் நிற்கும் குச்சியையே எடுக்க வேண்டும்.

அடுத்து நரம்பைப் பாருங்கள். மரத்தின் கோடுகள் அடிமுனையிலிருந்து தோள் வரை நேராக ஓட வேண்டும். பாதி வழியில் பக்கவாட்டில் வெளியேறும் கோடு எங்கே முடிகிறதோ, குச்சி பெரும்பாலும் அங்கேதான் ஒடியும். பின்னர் ஒவ்வொரு குச்சியாக ஒரே மரப்பலகையில், ஒரே உயரத்திலிருந்து, முனையால் தட்டிக் கேளுங்கள். சுருதி தெரிந்த காதுக்கு இரண்டும் ஒரே ஒலியில் பேச வேண்டும். ஒன்று தாழ்ந்தும் மற்றது உயர்ந்தும் ஒலித்தால் ரைடில் வலக்கைக்கும் இடக்கைக்கும் ஒலி வேறுபடும். பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவில் டிம்பனி வாசித்த விக் ஃபர்த், 1963ஆம் ஆண்டில் குச்சித் தயாரிப்பைத் தொடங்கி, எடையும் சுருதியும் ஒத்த ஜோடிகளாகச் சேர்த்துத் தரும் முறையை வளர்த்தார். அதனால் நல்ல நிறுவனங்களின் ஜோடிகளில் இந்தச் சிக்கல் குறைவு. உறையில்லாமல் கட்டுக்கட்டாக விற்கும் குச்சிகளிலோ, பிரபல பெயரை மங்கலாக அச்சிட்டு விற்கும் போலிகளிலோ ஜோடிப் பொருத்தம் என்பதே கிடையாது.

எடையைக் கையால் மதிப்பிடுவதைவிட, சமையலறையில் பயன்படும் சிறிய மின்னணுத் தராசில் வைப்பது உறுதியானது. 5ஏ ஹிக்கரி ஏறத்தாழ 50 முதல் 60 கிராம் வரை இருக்கும். ஒரு ஜோடிக்குள் இரண்டு மூன்று கிராமுக்கு மேல் வேறுபாடு இருந்தால் அதை ஒதுக்கிவிடலாம். இணையத்தில் வாங்குபவர்கள் திருப்பி அனுப்பும் காலம் முடியுமுன் இந்தச் சோதனைகளைச் செய்து முடிக்க வேண்டும்.

ஏழாம் படி: பழகிப் பார்த்தல்

புதிய குச்சியை நேராகக் கச்சேரிக்குக் கொண்டு செல்லாமல், ஒத்திகையில் வழக்கமாக வாசிக்கும் பாட்டுகளையே வாசித்துப் பாருங்கள். ஸ்நேரின் தோலில் விழும் தடங்கள் நடுவில் குவிந்திருக்கிறதா, சிதறியிருக்கிறதா என்று பார்த்தால் கட்டுப்பாடு விளங்கும். சிதறல் புதிதாகத் தோன்றியிருந்தால் குச்சியின் நீளமோ முன்புறக் கனமோ உங்களுக்கு ஒத்துவரவில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கொப்புளம் எழுந்தால் தடிமனையும் மேற்பூச்சையும் சந்தேகிக்க வேண்டும். மூன்றாவது, நான்காவது விரல்கள் களைத்துப்போனால் எடை மிகுதி. ஒரே பாட்டைக் கைப்பேசியில் இரண்டு குச்சிகளாலும் பதிவு செய்து, எது எதுவென்று தெரியாதபடி இன்னொருவரைப் போடச் சொல்லிக் கேட்பது, புதுக்குச்சியின் மேல் உள்ள ஆசையை விலக்கிவிட்டு முடிவெடுக்க உதவும்.

எட்டாம் படி: வெயிலும் ஈரமும்

அக்கினி நட்சத்திர நாட்களில் நெல்லையில் வாசிப்பவருக்கு வியர்வையே பெரிய எதிரி. பளபளப்பான வார்னிஷ் பூசிய குச்சிகள் சிலர் கையில் வியர்வை பட்டதும் வழுக்கும், சிலர் கையில் ஒட்டிக்கொள்ளும்; இரண்டு வகையினரும் உண்டு என்பதால் கடன் வாங்கியாவது முதலில் வாசித்துப் பார்க்க வேண்டும். வழுக்குபவர்கள் பூச்சில்லாத குச்சியை நாடலாம், அல்லது பிடிக்கும் இடத்தில் மட்டும் பிடிமான நாடாவைச் சுற்றலாம். நாடா சுற்றினால் அடிப்புறம் கனத்து, சமநிலை பின்னோக்கி நகரும் என்பதால் பிடிமானத்தை மீண்டும் சோதிக்க வேண்டும்.

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் தென்காசிப் பக்கமும், ஆண்டு முழுவதும் உவரி, மணப்பாடு போன்ற கடற்கரை ஊர்களிலும் காற்றின் ஈரத்தை மரம் உறிஞ்சுகிறது. பின்னர் வெயிலில் நிற்கும் காரின் பின்கண்ணாடி ஓரத்தில் கிடந்தால் ஒரு பக்கம் மட்டும் உலர்ந்து வளைகிறது. குச்சிகளைத் துணிப்பைக்குள், சுவரில் சாய்க்காமல் கிடைநிலையில் வைத்து, கச்சேரி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

தோளில் சிம்பு பெருகி உடல் பாதியாக மெலிந்தாலோ, மர முனை உடைந்து சொரசொரப்பானாலோ, அந்தக் குச்சியை மாற்றிவிட வேண்டும். ஒன்று ஒடிந்து மற்றது நல்ல நிலையில் மிஞ்சினால், அதன் எடையை அடிமுனையில் பென்சிலால் எழுதி வையுங்கள். அதே மாடலில், அதே எடையில் இன்னொன்று மிஞ்சும்போது இரண்டையும் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளலாம். கச்சேரிக்கு மட்டும் பிரிக்காத ஒரு புதிய ஜோடி பையில் எப்போதும் இருக்க வேண்டும், ஏனென்றால் கொடை இரவில் குச்சி ஒடிந்தால் வாங்குவதற்குத் திறந்திருக்கும் கடை எதுவும் இராது.